எழுபது டிகிரியில் உருகுவது

மூன்றாம் குகைவரிசையில் அறுநூற்று மூன்று வீடுகள் இருந்தன. ஒவ்வொரு வீட்டிலும் அடுப்புக்கு நேர் மேலே அறுநூறு லிட்டர் தண்ணீர் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே நின்றுதான் பெண்களும் ஆண்களும் தோசை சுட்டார்கள், ரசத்துக்குத் தாளித்தார்கள், உப்புக் குறைந்ததற்குச் சண்டை போட்டார்கள். அவ்வளவு தண்ணீரையும் பிடித்து நிறுத்தியிருந்தது கட்டைவிரல் நுனி அளவுள்ள ஓர் உலோகத் திருகு. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். இவர்களுக்கு வெள்ளம் பிறந்த நாளிலிருந்தே தலைக்கு மேல்தான், அதனால் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

செவ்வாய்க் கிரகத்தில் தீப்பிடித்தால் ஓட இடம் கிடையாது. குகைக்கு வெளியே மூச்சுவிடக் காற்றில்லை. உள்ளே இருக்கிற காற்றும் குழாய் வழியாக வீடு வீடாகச் சுற்றி வருவதுதான். ஒரு வீட்டில் புகைந்தால் அடுத்த வீட்டில் மூச்சு முட்டும். முதலில் வந்தவர்கள் புகையை மோந்து கூவுகிற மின்னுணரிகளைத்தான் பொருத்தினார்கள். கடுகு பொரியும்போதெல்லாம் அவை கூவின. ஆறே மாதத்தில் ஒரு புத்திசாலி நான்கு வரி நிரல் எழுதி எல்லாவற்றின் வாயையும் அடைத்தார். அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதற்குப் பிறகுதான் பூமியிலிருந்த பொறியாளர்கள், மனிதர்கள் பேசி மசிய வைக்க முடியாத பொருளாகத் தேடிப் பிஸ்மத்திடம் வந்து சேர்ந்தார்கள்.

பிஸ்மத் ஒரு விசித்திரமான உலோகம். கனத்தில் ஈயத்துக்கு அண்ணன் தம்பி, ஆனால் ஈயத்தின் நஞ்சு அதற்கில்லை. பூமியில் வயிற்று வலிக்கு அதன் உப்பை மருந்தாகக் கொடுத்திருக்கிறார்கள். தனியாக உருக்கினால் இருநூற்று எழுபது டிகிரி கேட்கும். ஈயம், வெள்ளீயம், காட்மியம் மூன்றையும் அளவாகக் கூட்டிவிட்டால் எழுபதிலேயே இளகி வழியும். காப்பி போடக் கொதிக்க வைக்கிற தண்ணீருக்கே அதைவிடச் சூடு அதிகம். அடுப்படிக் கூரை எழுபதைத் தொட்டால் திருகு உருகும், தண்ணீர் கொட்டும், நெருப்பு அணையும். மின்சாரமோ கணினியோ யாருடைய உத்தரவோ அதற்குத் தேவையில்லை. அரசாங்கம் அதற்கு உருகடைப்பான் என்று பெயர் வைத்தது. சனங்கள் பில்லை என்றார்கள்.

அந்தச் சனங்கள் கோயம்புத்தூர்ப் பக்கத்து வார்ப்படப் பட்டறைக்காரர்களின் பேரப்பிள்ளைகள். செவ்வாயின் சிவப்பு மண்ணை உருக்கி இரும்பு வார்க்கக் கூட்டி வரப்பட்டவர்கள். உலோகத்தைப் பற்றி அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பில்லை எதற்காக இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் புது வீடு புகுந்தால் பால் காய்ச்ச வேண்டும். பால் பொங்கி வழிய வேண்டும், பக்கத்தில் சூடம் எரிய வேண்டும், பத்துப் பதினைந்து பேர் அந்தப் பொந்துக்குள் நெருக்கியடித்து நிற்க வேண்டும். குகைக் கூரையோ தாழ்வானது. அந்த நல்ல நேரம் பார்த்து மேலேயிருந்து அறுநூறு லிட்டர் கொட்டினால் சகுனமும் கெட்டது, அந்த வீட்டின் தண்ணீர்ப் பங்கும் மூன்று மாதத்துக்குப் போயிற்று. ஒரு வீட்டில் அப்படிக் கொட்டவும் செய்தது. அன்றிலிருந்து, சாமி காரியத்துக்கு மட்டும், கொஞ்ச நேரத்துக்கு மட்டும், பில்லையைக் கழற்றிவிட்டு, ஒரு செம்புத் தண்ணீர் சிந்துவதற்குள் ஓர் இரும்புத் திருகை முடுக்கிக்கொள்வது வழக்கமாயிற்று. செவ்வாயில் இரும்புக்கா பஞ்சம்?

கழற்றிய பில்லையைத் திரும்ப மாட்டுவதில்தான் வம்பு. அது பூமியிலிருந்து வந்த சரக்கு. செவ்வாயில் எவ்வளவு தோண்டியும் பிஸ்மத் கிடைக்கவில்லை; கனமான உலோகம் என்பதால் கப்பலிலும் இடம் தரமாட்டார்கள். வீட்டுக்கு ஒன்று, போனால் வேறு கிடையாது. அத்தனை அருமையான பொருளைப் போய் எண்ணெய்ப் புகையிலும் தாளிப்பிலும் வைப்பார்களா? மஞ்சள் துணியில் முடிந்து, திருநீற்று டப்பாவிலோ நகைப் பெட்டியிலோ பத்திரமாக வைத்தார்கள். புது சோபாவின் கண்ணாடித்தாள் உறையைக் கிழியும்வரை கழற்றாத பரம்பரை அது.

இந்த வீடுகளை ஆண்டுக்கு ஒருமுறை சோதிப்பவள் பூவாத்தாள். நாற்பத்து மூன்று வயது, குகைவரிசையின் தண்ணீர்க் காப்பு ஆய்வாளர், இருபத்தோரு வருட அனுபவம். அவளோடு அளவன் என்று ஓர் இயந்திரம் போகும். இடுப்பு உயரம், நான்கு சக்கரம், ஒரு கை. அந்தக் கையில் ஒரு வலுவான காந்தம். இரும்பைக் காந்தம் இழுக்கும் என்பது குழந்தைக்கும் தெரியும். பிஸ்மத் காந்தத்தைக் கண்டால் ஒதுங்கும். பழைய வாத்தியாரைக் கண்டவன் தெருவின் மறுபக்கம் போகிற மாதிரி, லேசாக, ஆனால் நிச்சயமாக. வேறெந்த உலோகமும் அவ்வளவு ஒதுங்காது. பில்லையை நூலில் கட்டித் தொங்கவிட்டுக் காந்தத்தை அருகே கொண்டு போவாள். விலகினால் அசல். படிவத்தில் ‘சரி’ என்று ஒரு குறி.

ஆய்வு நாள் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. எனவே எல்லா வீட்டிலும் எல்லா வருடமும் சரி.

பூவாத்தாளுக்கு மூக்கு இருந்தது. அடுப்புக்கு மேலே வருடம் முழுக்க இருந்த உலோகம் பிசுக்கேறிக் கறுத்திருக்க வேண்டும். இவையோ பளபளவென்று மின்னின, மஞ்சளும் சந்தனமும் மணத்தன. கேட்டால், எப்பவும் மேலேதான் இருக்குது என்று முகம் மாறாமல் சொன்னார்கள். படிவத்தில் வாசனைக்குக் கட்டம் இல்லை. அளவனிடம் சொன்னாள், தனக்கு மோப்பக் கருவி பொருத்தப்படவில்லை என்றது அது.

அவள் சும்மா இருந்துவிடவில்லை. வீட்டுக்கு ஒன்றே ஒன்று இருப்பதால்தான் ஒளித்து வைக்கிறார்கள், கைநிறைய இருந்தால் யாரும் முடிந்து வைக்க மாட்டார்கள் என்று ஊகித்து, நானூறு கிலோ பிஸ்மத் கலவை அனுப்பச் சொல்லிப் பூமிக்கு எழுதினாள். முதல் வருடம், எடை அதிகம் என்று பதில் வந்தது. இரண்டாம் வருடம், பிஸ்மத் கதிரியக்கம் உள்ள தனிமம், தனி அனுமதி வேண்டும் என்றார்கள். சொன்னது பொய்யில்லை. பிஸ்மத் சிதையத்தான் செய்கிறது. பாதி சிதைந்து முடிய, பிரபஞ்சத்தின் இன்றைய வயதைப் போல நூறு கோடி மடங்குக்கும் மேல் ஆகும். கோப்பு நகர்ந்த வேகத்தைப் பார்த்தால், முதலில் எது முடியும் என்று பந்தயம் கட்டலாம் போலிருந்தது. ஆறாம் வருடம் வந்த பதில்தான் அவளை அடித்துப் போட்டது. மூன்றாம் குகைவரிசையில் எல்லா வீடுகளிலும் அசல் உருகடைப்பான் இருப்பதாக உங்கள் ஆய்வறிக்கைகளே சொல்கின்றன, ஆகவே கோரிக்கை தேவையற்றது. கீழே, சான்றாக, அவளுடைய கையெழுத்து.

பூவாத்தாள் சொல்லாத விஷயமும் ஒன்று இருந்தது.

அவளுடைய தம்பி செங்கோடன் நான்காம் சந்தில் வீடு வாங்கிக் குடிபுகுந்தபோது அவள்தான் முன்னின்று எல்லாம் செய்தாள். பெற்றவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு அவனுக்கு அம்மாவும் அவள்தான், அக்காவும் அவள்தான். பால் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு அவன் தலையைச் சொறிந்துகொண்டு மேலே பார்த்தான்.

“அக்கா, பால் பொங்கற நேரத்துல மேலிருந்து கொட்டுச்சுன்னா நல்லாவா இருக்கும்?”

ஊருக்கெல்லாம் சட்டம் சொல்பவள் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். பிறகு முக்காலியில் ஏறித் தன் கையாலேயே பில்லையைக் கழற்றினாள், தன் கையாலேயே இரும்புத் திருகை முடுக்கினாள். “பொழுது சாயறதுக்குள்ள திருப்பி மாட்டீரோணும்டா,” என்றாள். அவன் சரி என்று தலையாட்டினான். பால் நன்றாகப் பொங்கியது. எல்லாருக்கும் சந்தோஷம்.

மூன்று வருடம் கழித்து ஒரு மத்தியானம் அந்த வீட்டில் தீப்பிடித்தது. செங்கோடன் உருக்காலையில் இராப்பணி முடித்து வந்து, அப்பளம் பொரிக்க எண்ணெய் காய வைத்துவிட்டு, உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டான். மனைவி சரசாள் பாசிப் பண்ணையில் வேலையில் இருந்தாள். எண்ணெய் பற்றி எரிந்தது. அடுப்புக்கு மேலே இரும்புத் திருகு சிவக்கக் காய்ந்தும் இம்மி அசையவில்லை. அது இரும்பின் குணம், அதைக் குறை சொல்லிப் பயனில்லை. தண்ணீர் மேலேயே நின்றது. புகை குழாய் வழியாகப் பக்கத்து இரண்டு வீடுகளுக்கும் போயிற்று. செங்கோடனோடு சேர்த்து ஏழு பேர் இறந்தார்கள். அதில் இரண்டு பேர் பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பிட வந்த பிள்ளைகள்.

செங்கோடனின் பில்லை எங்கே என்று தேடினார்கள். அடுப்படிக்கு எதிர்ச்சுவரில், சாமி மாடத்தில், ஒரு சின்னத் திருநீற்று டப்பா இருந்தது. மூடி திறக்கவில்லை. பிஸ்மத்துக்கு இன்னொரு குணம் உண்டு: மற்ற உலோகங்கள் உருகி இறுகும்போது சுருங்கும், இது தண்ணீர் பனிக்கட்டியாவதைப் போல விரியும். டப்பாவை அறுத்துத்தான் எடுத்தார்கள். பில்லை தன் கடமையைச் செய்திருந்தது. சரியாக எழுபது டிகிரியில், சொன்ன சொல் தவறாமல், டப்பாவுக்குள்ளேயே உருகியிருந்தது. பிறகு ஆறி, விரிந்து, மூடியின் இடுக்கெல்லாம் புகுந்து இறுகியிருந்தது.

விசாரணை நாளன்று பூவாத்தாள் எழுந்து நின்று, கழற்றியது நான்தான் என்று சொன்னாள். வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், தண்டனை எதுவானாலும் சரி என்றாள். சபை உச்சுக்கொட்டியது. சாமி காரியத்துக்குத்தானே செய்தாள் என்றார்கள். ஒருவர் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தார். ஒருவர்கூட அவளைக் குற்றம் சொல்லவில்லை. சொன்னால் தங்கள் வீட்டுக் கூரையையும் பார்க்க வேண்டிவரும். அந்த மன்னிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அப்போது சாட்சிப் பொருளாக அந்த உலோகக் கட்டியைக் கைக்குக் கை கொடுத்துப் பார்த்தார்கள். அதன்மேல் மஞ்சள் துணியின் நெசவு அப்படியே பதிந்திருந்தது. ஊடும் பாவும் நூல் நூலாக எண்ணலாம். வார்ப்படக்காரர்கள் கூட்டம் அல்லவா? கட்டி நான்காவது வரிசைக்குப் போவதற்குள் துக்கம் மறந்து வியப்பு வந்துவிட்டது. இரும்பில் இந்த நுணுக்கம் ஏழு சென்மத்துக்கும் வராது என்றார் ஒரு மூத்த வார்ப்பாளர்.

ஏழு உயிர் போன செய்தி பூமியை எட்டியதும் ஆறு வருடம் நகராத கோப்பு ஆறு நாளில் நகர்ந்தது. எடையும் தடையில்லை, கதிரியக்கமும் தடையில்லை. அடுத்த கப்பலிலேயே நானூறு கிலோ பிஸ்மத் கலவை, ஆழ்ந்த அனுதாபத்துடன் வந்து இறங்கியது. இரவோடு இரவாகப் பூவாத்தாள் கணக்குப் போட்டாள். வீட்டுக்குப் பத்துப் பில்லை வார்த்தாலும் மிச்சமிருக்கும். ஒன்று உருகினால் என்ன, ஒன்பது இருக்கிறதே என்று தைரியமாக மாட்டுவார்கள். தம்பியோடு இது முடிந்தது என்று அவள் நம்பினாள்.

குகைவரிசைத் தலைவர் அர்த்தநாரி சபையைக் கூட்டினார். நல்ல மனிதர், கூட்டம் எதை விரும்புகிறதோ அதை அதற்கு முன்பே விரும்பக்கூடியவர். இறந்த ஏழு பேருக்கும் மார்பளவுச் சிலை வைக்க வேண்டும், நினைவு மண்டபம் எழுப்ப வேண்டும் என்றார். வந்திருக்கும் உலோகம் அதற்கென்றே கடவுள் அனுப்பியது என்றார். கண் இமை வரைக்கும், நெற்றிச் சுருக்கம் வரைக்கும் வரும். எல்லாரும் கைதட்டினார்கள். அழுதுகொண்டே தட்டினார்கள்.

பூவாத்தாள் எழுந்தாள். இது பில்லைக்கு வந்த உலோகம், வீட்டுக் கூரைக்குப் போக வேண்டியது என்றாள். அர்த்தநாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“ஏனுங்க பூவாத்தா, செத்தவிங்க மொகம் நாளைக்கு நம்ம புள்ளைங்களுக்குத் தெரிய வேண்டாமுங்களா?”

“புள்ளைங்க உசுரோட இருந்தாத்தானுங்க பாக்கும்.”

ஒரு கணம் சபை அவள் பக்கம் சாய்ந்துவிடும் போலத்தான் இருந்தது. அப்போது முதல் வரிசையிலிருந்து சரசாள் எழுந்து திரும்பினாள். கப்பல் வந்து சேர்வதற்குள் பாதியாக இளைத்திருந்தாள்.

“அண்ணி, எனக்கு அவரு மொகம் வேணும். போட்டாவுல பாத்துப் பாத்து மறந்துபோயிருமாட்ட இருக்குது. தொட்டுப் பாக்கோணும்.”

பூவாத்தாள் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கும் அந்த முகத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அந்த ஆசைக்காக அவள் தன்னையே வெறுத்தாள்.

வேலை தொடங்கியது. ஆறு சிலைகள் வார்த்து முடிந்தபோது அளவன் ஒரு சந்தேகம் கேட்டது. இந்தச் சிலைகள் எழுபது டிகிரியில் உருகுமே, மண்டபத்தில் தீப்பிடித்தால் என்ன ஏற்பாடு? சபை பதறிப்போய்விட்டது. அன்றைக்கே தீர்மானம் போட்டார்கள். மண்டபத்தின் கூரை முழுக்கத் தண்ணீர்க் குழாய், முழத்துக்கு ஓர் அசல் பில்லை. யாரும் கழற்ற முடியாதபடி எஃகு வளையம் போட்டு முத்திரை. உள்ளே சூடம் கூடாது, விளக்குக் கூடாது, பால் காய்ச்சுவது பற்றிப் பேச்சே கூடாது. ஒரே நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் நுழையக் கூடாது, மூச்சுச் சூடு சிலைகளுக்கு ஆகாது. இவ்வளவையும் ஒருவர்கூட மறுக்காமல் ஒரே நாளில் ஏற்றுக்கொண்டார்கள். ஆக, எப்படிச் செய்ய வேண்டும் என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்துதான் இருந்தது.

மண்டபத்துப் பில்லைகளுக்குப் போக, ஏழாவது சிலைக்கு உலோகம் போதவில்லை. இருபத்து நான்கு கிலோ குறைந்தது. ஏழாவது சிலை செங்கோடன்.

அடுத்த கப்பலுக்கு இரண்டு வருடம் ஆகும். அர்த்தநாரி ஒரு வேண்டுகோள் விடுத்தார். ஒரு பில்லையின் எடை நாற்பது கிராம். தீயும் புகையும் புகுந்த மூன்று போக மிச்சம் அறுநூறு வீடுகள். வீட்டுக்கு ஒரு பில்லை கொடுத்தால் குறை தீர்ந்துவிடும். ஒவ்வொரு குடும்பமும் தன் அருமைப் பொருளைத் தந்து செங்கோடனின் முகத்தை முழுமையாக்க வேண்டும். சேகரிக்கும் பொறுப்பு பூவாத்தாளுடையது. அறுநூறு கூரையும் அவளைவிட யாருக்குத் தெரியும்?

முடியாது என்று சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் சரசாள் வந்து அவள் வீட்டு வாசலில் நின்றாள். பூவாத்தாள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கூரையிலிருந்து பில்லைகளைக் கழற்ற அலுவலகம் ஓர் ஏணி கொடுத்திருந்தது. அளவன் அதைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தது.

முதல் வீட்டில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு வரவேற்றாள். பூவாத்தாள் கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

“இதையக் குடுத்துட்டீங்கன்னா மேல மாட்ட ஒண்ணுமிருக்காதுங்க.”

“அதுக்கென்னங்க,” என்றாள் அந்தப் பெண்மணி, “இரும்புத் திருகுதான் கெட்டியா இருக்குதுங்களே.”

மறுத்தவர்கள் யாருமில்லை. சிலர் பில்லைக்குப் பொட்டு வைத்துக் கொடுத்தார்கள். சிலர் பிள்ளைகள் கையால் கொடுக்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். செங்கோடன் எவ்வளவு நல்ல பையன் என்று எல்லா வீட்டிலும் சொன்னார்கள், எல்லா வீட்டிலும் மோர் கொடுத்தார்கள். ஆறு நாளில் அறுநூறு வீடும் முடிந்தது. இருபத்து நான்கு கிலோ, ஒரு கிராம் குறையவில்லை.

அளவன் அந்த ஆறு நாளும் ஏணியைச் சுமந்துகொண்டு வந்தது. ஒரு வீட்டில்கூட அதைச் சாய்க்க வேண்டியிருக்கவில்லை.